பதினைந்தாவது இடம்

அங்கே நிறுத்தாதீர்கள் அண்ணாச்சி. வெள்ளைக் கோட்டுக்கு அந்தப் பக்கம். இன்னும் கொஞ்சம். இன்னும். ஆங், அந்த மின்கம்பத்தை ஒட்டி நிறுத்திப் பூட்டிவிட்டு வாருங்கள்.

ஐம்பது மீட்டருக்குள் எந்த வண்டியும் நிற்கக் கூடாது. சைக்கிள்கூட. நான் போட்ட விதி இல்லை, மேலே இருந்து வந்தது. பொய் சொல்லக் கூடாது, பாதி நான் போட்டதுதான்.

கடை பார்க்க வந்தீர்களா? ஷட்டரில் எழுதியிருக்கிற நம்பர் கட்டடக்காரருடையது. கூப்பிட்டால் எடுக்கமாட்டார். மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார், ஒரு மணிக்கு வந்துவிடுவார். உட்காருங்கள். அந்தப் படியில் வேண்டாம், இந்த நாற்காலியில். நான் நின்றுகொள்வேன். எனக்கு உட்கார்ந்தால்தான் கால் வலிக்கும்.

என்ன கடை போடப்போகிறீர்கள்? ஜெராக்ஸா? நல்லது. கூட்டம் சேராத தொழில். ஒரு ஆள் வருவார், இரண்டு தாள் எடுப்பார், போய்விடுவார். இந்த இடத்துக்கு அதுதான் சரி. எடுத்துக்கொள்ளுங்கள். இந்த ஊரிலேயே இதைவிடப் பாதுகாப்பான இடம் உங்களுக்குக் கிடைக்காது.

மூடின கடைக்கு எதற்குப் போலீஸ் என்று பார்க்கிறீர்கள். எல்லோரும் அப்படித்தான் பார்க்கிறார்கள். கேட்பதில்லை, பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போகிறார்கள். நீங்களாவது கேளுங்கள். ஒரு நிமிஷம். ஏய், ஆட்டோ! அங்கே என்ன? ஆள் இறக்கணும்னா அந்தாண்ட போய் இறக்கு! எடு, எடு.

என் பெயர் சண்முகக்கனி. ஏட்டு. போன வருஷம்வரை இந்த ஊர் ஸ்டேஷனில் ரைட்டர். ரைட்டர் என்றால் உங்களுக்குத் தெரியும்தானே? ஸ்டேஷனில் எழுதுகிற எழுத்தெல்லாம் என் எழுத்து. இன்ஸ்பெக்டர் மாறுவார், எஸ்.ஐ. மாறுவார், எழுத்து மாறாது. பதினோரு வருஷம் என் எழுத்து.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் வடக்கே ஒரு ஊரில் காய்கறிச் சந்தையில் குண்டு வெடித்தது. அதற்கு அடுத்த வாரம் எங்கள் டி.எஸ்.பி. ஐயா எல்லா ஸ்டேஷன் ரைட்டர்களையும் கூப்பிட்டார். அவரவர் எல்லையில் தீவிரவாதிகள் குறிவைக்கக்கூடிய இடங்கள் என்று ஒரு பட்டியல் உண்டு, வருஷா வருஷம் அனுப்புவோம். எப்படி அனுப்புவோம்? போன வருஷத் தாளைப் பார்த்து எழுதி, தேதியை மாற்றி அனுப்புவோம். எங்கள் பட்டியலில் பதினான்கு இடம். பஸ் ஸ்டாண்டு, ரயில்வே கேட், தண்ணீர்த் தொட்டி, மேலத்தெருக் கோயில், இப்படி. ஏழாவது இடம் ஒரு சினிமா தியேட்டர். அது மூடி ஒன்பது வருஷம். உள்ளே ஆடு கட்டியிருக்கிறார்கள். ஆகஸ்ட் பதினைந்துக்கு அதற்கும் ஒரு கான்ஸ்டபிள் துப்பாக்கியோடு நிற்பார். வேடிக்கையைப் பாருங்கள், மூடின தியேட்டருக்குக் காவல்!

அது வேறு, இது வேறு. அதை முதலில் எழுதினவர் யோசிக்காமல் எழுதியிருக்கிறார்.

டி.எஸ்.பி. ஐயா பட்டியல்களை எல்லாம் மேஜையில் போட்டு, அவற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு சொன்னார். "அந்தச் சந்தை அங்கே யாரோட லிஸ்டிலயும் இல்ல. லிஸ்டில இருந்தது எதுவும் வெடிக்கல. வெடிச்சது எதுவும் லிஸ்டில இல்ல. புரியுதா? அவனும் நம்ம மாதிரி பழைய தாளப் பாத்து எழுதுறவனா? நீங்க அவனா மாறுங்க. அவன் எங்க வைப்பான்னு யோசிச்சு எழுதுங்க. மூணு நாள்."

மற்ற ரைட்டர்கள் எல்லாம் வெளியே வந்து டீ குடித்துவிட்டு, பழைய தாளையே எழுதினார்கள். எனக்கு அப்படி முடியவில்லை. அவர் என்னைப் பார்த்துச் சொன்னதுபோலவே இருந்தது.

இதற்குள் விஷயம் எப்படியோ வெளியே தெரிந்து, கீழத்தெருக் கோயில் தர்மகர்த்தா செல்வரத்தினம் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டார். பட்டியலில் ஏற்றினால் கோயிலுக்குப் போலீஸ் வரும், மெட்டல் டிடெக்டர் வைத்த சோதனை வாசல் வரும். மேலத்தெருக்காரர்களுக்கு அது நாலு வருஷமாக இருக்கிறது. இவருக்குப் பொறுக்கவில்லை.

"மேலத்தெருக் கோயிலுக்கு ஆபத்து இருக்கு, எங்க கோயிலுக்கு இல்லையா? எங்க சாமி என்ன எளச்ச சாமியா?"

"மிரட்டல் கடிதம் ஏதாவது வந்திருக்கா அண்ணாச்சி?"

"வரணும்னா சொல்லுங்க ஏட்டம்மா, வரவச்சிருவோம்."

சிரிக்காதீர்கள். மனுஷர் நிஜமாகத்தான் சொன்னார். அவரை அனுப்பிவைக்கவே அரை நாள் போயிற்று.

பிறகு நான் ஊரைச் சுற்றினேன். மப்டியில், கையில் ஒரு பையோடு. அந்தப் பையில்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நடந்தேன். எங்கே வைத்தால் யாரும் பார்க்கமாட்டார்கள்? எங்கே வைத்தால் நிறையப் பேர் இருப்பார்கள்? நீங்களும் ஒருநாள் அப்படி நடந்து பாருங்கள். நடந்து பார்த்தால்தான் தெரியும். ரேஷன் கடையில் பாமாயில் போடுகிற நாள், சாவு வீட்டுப் பந்தல், ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு வரிசை, பள்ளிக்கூடம் விடுகிற நேரம், செல்போன் கடை திறப்பு விழா. ஊரே பட்டியலாகிவிட்டது. முதல் நாள் முப்பத்தெட்டு இடம் எழுதினேன். இரண்டாம் நாள் நோட்டில் இடம் இல்லை. வீட்டில் உட்கார்ந்தாலும் கால் ஆடிக்கொண்டே இருக்கும். என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "நம்ம வீட்டையும் எழுதிக்கோ, சாப்பாட்டு நேரத்துல நாலு பேரு கூடுதோம்" என்றார். அவருக்கு எல்லாமே கேலி.

அத்தனையையும் எழுதி அனுப்ப முடியாது. ஸ்டேஷனில் இருப்பதே பத்தொன்பது பேர். ஒன்றே ஒன்று எழுத வேண்டும், அது சரியாக இருக்க வேண்டும். அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

மூன்றாம் நாள் சாயங்காலம் பசித்தது. இங்கே வந்தேன்.

இது சுடலைமணி புரோட்டாக் கடை. இருபத்திரண்டு வருஷம் இந்த இடத்தில் இருந்தது. கல்லில் சுடலைமணி நிற்பான், பரிமாறுவது, கணக்குப் பார்ப்பது, சண்டை போடுவது எல்லாம் அவன் பெண்டாட்டி பேச்சித்தாய். எனக்கு இந்த ஊரில் முதல் பழக்கமே அவள்தான். மாற்றலாகி வந்த புதிதில், டூட்டி முடியாமல் மூன்று மணிக்கு ஓடி வருவேன், எல்லாம் தீர்ந்திருக்கும். அடியிலிருந்து ஒரு சாப்பாட்டுப் பொட்டலம் எடுப்பாள். "வருவியன்னு தெரியும்லா" என்பாள். அதற்கப்புறம் பத்து வருஷமும் எனக்கென்று ஒரு பொட்டலம் தனியாக இருக்கும். அதில் முட்டை உடையாமல் முழுசாக இருக்கும். அதெல்லாம் நான் மறக்கவில்லை.

அன்றைக்கு ஆறரை மணி. மில் ஷிப்டு விட்டது. அப்போது மில் பஸ் மூன்றும் இந்தக் கடை வாசலில்தான் நிற்கும். இருநூறு பேர் மொத்தமாக இறங்கினார்கள். கடைக்குள் உட்கார முப்பது பேருக்குத்தான் இடம். மீதிப் பேர் தட்டைக் கையில் வாங்கி நின்றுகொண்டே சாப்பிடுவார்கள். கையில் தட்டு இருந்தால் பையை என்ன செய்வது? இதோ, இந்தப் படியில் குவிப்பார்கள். நீங்கள் உட்காரப் போனீர்களே, இந்தப் படியில்.

அந்த வருஷம் தீபாவளிக்கு மில்லில் எல்லோருக்கும் ஒரு பை கொடுத்திருந்தார்கள். நீலப் பை. எல்லாம் ஒரே நிறம், ஒரே அளவு. நூற்றைம்பது நீலப் பை ஒரே குவியல். எது யாருடையது என்று யாருக்கும் தெரியாது. ஒருத்தன் பையை ஒருத்தன் தூக்கிக்கொண்டு போய், மறுநாள் சிரித்துக்கொண்டே மாற்றிக்கொள்வார்கள். குவியலுக்கு நாலடி தள்ளி நாலு காஸ் சிலிண்டர்.

நூற்றைம்பத்தொன்றாவது பையை வைத்தால் யார் கண்டுபிடிப்பார்கள்? சொல்லுங்கள்.

எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பேச்சித்தாய் பார்த்துவிட்டாள். "என்ன ஏட்டம்மா, சால்னா ஒறைக்கா?" என்று கேட்டாள். ஒன்றும் இல்லை என்று சொல்லி, கையைக் கழுவிவிட்டு எழுந்துவிட்டேன். அவளிடம் சொல்ல முடியுமா?

மறுநாள் காலையில் பதினைந்தாவது இடமாக எழுதினேன். காரணங்களும் எழுதினேன், ஒன்றரைப் பக்கம். டி.எஸ்.பி. ஐயா வாசித்துவிட்டு எழுந்து நின்றார் அண்ணாச்சி. மாவட்டக் கூட்டத்தில் எஸ்.பி. முன்னால் அதை வாசித்தார்கள். "இதான் யோசனை. ஒரு லேடி ஏட்டு யோசிச்சிருக்காங்க" என்றார் எஸ்.பி. மற்ற ரைட்டர்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

அடுத்த வாரமே தடுப்பு வந்தது, சோதனை வாசல் வந்தது, இரண்டு கான்ஸ்டபிள் வந்தார்கள். வெள்ளைக் கோடு போட்டார்கள். சுடலைமணிக்கு முதலில் சந்தோஷம். குடித்துவிட்டு வந்து வம்பு பண்ணுகிறவர்கள் எல்லாம் ஓடிவிட்டார்கள். "நம்ம கடையயும் கோயில் மாதிரி ஆக்கிட்டாக ஏட்டம்மா" என்று கல்லிலிருந்தே எல்லோருக்கும் கேட்கும்படி சொல்வான். கீழத்தெரு தர்மகர்த்தா இந்தப் பக்கம் போகும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்.

பிறகு மில் பஸ்ஸை இங்கே நிறுத்தக் கூடாது என்றார்கள். பெட்ரோல் பங்குக்கு அடுத்து மாற்றினார்கள். படியில் பை வைக்கக் கூடாது. பை உள்ளவர்கள் வரிசையில் நின்று திறந்து காட்டிவிட்டு உள்ளே போக வேண்டும். ஒரு சிலிண்டருக்கு மேல் இருக்கக் கூடாது. எட்டு மணி நேரம் நூல் மிஷினோடு நின்றுவிட்டு வருகிற ஆள், பசியில், முந்நூறு மீட்டர் நடந்து வந்து, வரிசையில் நின்று, பையைத் திறந்து காட்டி, மூன்று புரோட்டா சாப்பிடுவானா? சாப்பிடமாட்டான். அது எனக்கும் தெரியும். ஆனால் பாதுகாப்பு என்று வந்தால் கொஞ்சம் சிரமம் இருக்கத்தானே செய்யும்?

ஒரு நாளைக்கு ஐம்பது கிலோ மைதா பிசைந்த கடை. நாலு மாதத்தில் எட்டுக் கிலோ. மாவு பிசைகிறவர்கள் இரண்டு பேரும் வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். சுடலைமணி கல்லுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பான். எனக்கே அந்தப் பக்கம் பார்க்கச் சங்கடமாக இருக்கும்.

ஒருநாள் இரண்டு பேரும் ஸ்டேஷனுக்கு வந்தார்கள். அவன் வாசலிலேயே நின்றுவிட்டான், அவள் என் மேஜைவரை வந்தாள்.

"நீங்கதான் எழுதுனியளாமே."

"யாரு சொன்னா?"

"யாரோ சொன்னாக. எழுதுன கைதான, அழிச்சிருங்க. ஒரு கோடு இழுத்தாப் போதும்லா."

அவளுக்கு அது ரேஷன் கார்டுபோல. ஒரு பெயரைச் சேர்க்கலாம், ஒரு பெயரை எடுக்கலாம். நான் எடுத்துச் சொன்னேன். சேர்ப்பதற்கு என் ஒரு வரி போதும். எடுப்பதற்கு, இந்த இடத்தில் இனி ஆபத்து இல்லை என்று நான் குறிப்பு எழுத வேண்டும், இன்ஸ்பெக்டர் ஒப்புக்கொள்ள வேண்டும், தனிப்பிரிவில் ஒப்புக்கொள்ள வேண்டும், டி.எஸ்.பி. ஒப்புக்கொள்ள வேண்டும். பட்டியல் ஆரம்பித்த காலத்திலிருந்து ஒரு இடம்கூட வெளியே போனதில்லை. ஆடு கட்டின தியேட்டரே போகவில்லை.

"சரி, மொதல்ல நீங்க எழுதுங்க. மத்தவுக கால்ல நாங்க போய் விழுதோம்."

இன்ஸ்பெக்டரிடம் கேட்டேன். கேட்காமல் இல்லை. "ஆபத்து இல்லன்னு நான் கையெழுத்துப் போடணுமா? எனக்கு மார்ச்ல ரிட்டயர்மென்ட்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க எழுதுனாத் தடுக்கல. மேல அனுப்புறேன். உங்க எழுத்துதான் முதல்ல இருக்கும், பாத்துக்கோங்க" என்றார்.

தாளை எடுத்தேன். மூன்று தடவை எடுத்தேன். 'மேற்படி இடத்தில்' என்பதுவரை எழுதுவேன். அதற்குமேல் கை போகாது. நாளைக்கு ஒன்று நடந்தால்? நடக்காது என்று யார் சொல்ல முடியும்? நடக்கும் என்று எழுதினவர்கள் யாரையும் இதுவரை கேள்வி கேட்டதில்லை. நடக்காது என்று எழுதினவர்களைத்தான் கேட்பார்கள். எனக்கு இன்னும் ஆறு வருஷம் சர்வீஸ் இருக்கிறது. மகள் காலேஜில் இருக்கிறாள். இதை நீங்கள் அந்த இடத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் அண்ணாச்சி.

ஒன்று செய்தேன். டி.எஸ்.பி. ஐயா ஸ்டேஷனுக்கு வந்தபோது வாய்விட்டே கேட்டேன். "ஐயா, இப்ப அங்க கூட்டமே கிடையாது. கூட்டம் இல்லாத இடத்துல எவன் வைப்பான்?"

அவர் சிரித்தார். "கூட்டம் இல்லன்னா நம்ம பந்தோபஸ்து வேலை செய்யுதுன்னு அர்த்தம்மா."

அது சரிதானே? வெளியே வந்து, வாசலில் காத்திருந்த பேச்சித்தாயிடம் அதைத்தான் சொன்னேன். தன்மையாகத்தான் சொன்னேன். பாதுகாப்பு நல்லா வேலை செய்யுது பேச்சி, அதனால எடுக்கமாட்டேங்குறாங்க என்று.

அவள் அந்த ஸ்டேஷன் வாசலிலேயே, பாரா காவல் நிற்கிறவர் காதில் விழும்படி சொன்னாள்: "எவனாச்சும் குண்டு வச்சிருந்தாக்கூட ஒரு நாளோட போயிருக்கும் ஏட்டம்மா."

இப்படிப் பேசலாமா? நீங்களே சொல்லுங்கள். ஸ்டேஷன் வாசலில்! கேஸ் போடலாம் இதற்கு. பாரா நின்றவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். வேறு ஆளாக இருந்தால் விட்டிருக்கமாட்டேன். பத்து வருஷப் பழக்கத்துக்காக விட்டேன். அந்தப் பழக்கத்தை அவள் நினைத்துப் பார்த்தாளா? அன்றிலிருந்து என்னோடு பேச்சில்லை. நான் என்ன என் வீட்டுக்கா எழுதினேன்? அவள் உயிருக்கும் சேர்த்துத்தானே எழுதினேன்? இந்த இரண்டு வருஷத்தில் இங்கே ஒரு பட்டாசு வெடித்திருக்கிறதா? கேட்டுப் பாருங்கள், ஒன்றும் வெடிக்கவில்லை. அப்படியென்றால் நான் எழுதினது சரிதானே?

ஒரு நிமிஷம். அந்தப் பெண் எதையோ கீழே வைத்துவிட்டுப் போகிறாள். யம்மா! ஏ யம்மா, இது உன்னுதா? சரி, எடுத்துட்டுப் போ. கையிலயே வச்சுக்கோ.

பாருங்கள், கொத்தமல்லிக் கட்டு. இருந்தாலும் பார்க்கத்தான் வேண்டியிருக்கிறது.

மில்காரர்கள் எங்கே போனார்கள் என்று கேட்கிறீர்களா? பெட்ரோல் பங்குக்குப் பக்கத்தில், பஸ் நிற்கிற இடத்தில், ஒருத்தன் தள்ளுவண்டியில் ப்ரைடு ரைஸ் போட்டான். இப்போது நாலு வண்டி நிற்கிறது. அதே இருநூறு பேர். அதே நீலப் பை, இப்போது பங்குச் சுவர் ஓரம் குவிகிறது. போன மாதம் கண்ணில் பட்டது. பக்கத்தில் பெட்ரோல் இருக்கிறதே! இப்போது நான் ரைட்டர் இல்லை, முதுகு வலி என்று எழுதிக்கொடுத்து மாறிக்கொண்டேன். அதற்காகப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? புது ரைட்டரிடம் சொல்லி எழுதச் சொல்லியிருக்கிறேன். பதினாறாவது இடம். இந்த வாரம் போய்விடும்.

இங்கே என்னை ஏன் போட்டார்கள் என்றால், ஆள் இல்லை. ஆகஸ்ட் பதினைந்து வருகிறது. புது இன்ஸ்பெக்டர் டூட்டி போடும்போது, "நீங்க எழுதுன இடம், நீங்களே பாத்துக்கோங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அதில் ஒன்றும் இல்லை. என்னைவிட இந்த இடத்தைத் தெரிந்தவர்கள் யார்?

அதோ, கட்டடக்காரர் வருகிறார். பச்சைத் துண்டு. அவரிடம் நீங்கள் ஒன்று தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள், ஜெராக்ஸ் மிஷினை வண்டியில் வைத்து வாசல்வரை கொண்டுவர முடியாது. கோட்டுக்கு வெளியே இறக்கித் தூக்கிக்கொண்டுதான் வர வேண்டும். பிறகு ஏட்டம்மா சொல்லவில்லை என்று சொல்லக் கூடாது.

அவர்கள் காலி பண்ணின அன்றும் அப்படித்தான். ஜூன் மாதம், ஒரு திங்கட்கிழமை காலை. வர வேண்டிய கான்ஸ்டபிள் லீவு, அன்றைக்கு மட்டும் எனக்கு இங்கே டூட்டி. சுடலைமணி ஒரு குட்டியானை வண்டி பிடித்து வந்திருந்தான். உள்ளே விடச் சொல்லி டிரைவர் கேட்டான். விதி என்றால் எல்லோருக்கும் விதிதான், நானே மீறினால் எப்படி? மின்கம்பத்துக்கு அந்தப் பக்கம் நிறுத்தச் சொன்னேன். புரோட்டாக் கல்லை நாலு பேர் தூக்கினார்கள். ஐம்பது மீட்டருக்குள் மூன்று இடத்தில் கீழே வைத்து வைத்துத் தூக்கினார்கள். பெஞ்சு, அண்டா, தட்டுகள், எல்லாம் போயிற்று. அவன் மாமனார் ஊரில் ஒரு முக்கில் இடம் பார்த்திருப்பதாக டிரைவர்தான் சொன்னான்.

எல்லாம் ஏற்றியானபிறகு பேச்சித்தாய் கடைசியாக வெளியே வந்தாள். ஷட்டரை இழுத்துவிட்டாள். கையில் ஒரு கட்டைப்பை. நேராக வந்தாள். சோதனை வாசலுக்குள் வந்ததும் நின்றாள். நான் கேட்கவில்லை. உள்ளே வருகிறவர்களைத்தான் பார்ப்போம், வெளியே போகிறவர்களைப் பார்ப்பதில்லை. அவளாகவே பையின் வாயை இரண்டு கையாலும் விரித்து என் முன்னால் பிடித்தாள். நான் கையை விட்டுப் பார்த்தேன். ஒரு சாமி படம், ஒரு புடவை, செய்தித்தாளில் சுற்றின கரண்டி. தலையை அசைத்தேன். அவள் பையை மூடிக்கொண்டு வண்டியைப் பார்த்து நடந்தாள்.